மூன்றாய் மடித்த தாள்

தாளை நெடுக்கில் மூன்றாய் மடிக்க வேண்டும்.
முதல் மடிப்பில் அவர் சொன்னது, நான் சொன்னது,
இருமலும் விடாமல்.
நடு மடிப்பில் அந்நேரம் என் மனதில் ஓடியது.
கடைசி மடிப்பு காலி.
அது மேற்பார்வையாளருக்கு.

பஃபலோ நகரில் பிப்ரவரி.
ஏரியிலிருந்து பனி பக்கவாட்டில் அடிக்கிறது,
வேறு யார்மீதோ உள்ள கோபத்தை
எங்களிடம் காட்டுவதுபோல.
முதுநிலைச் சமூகப்பணி, இரண்டாம் ஆண்டு.
களப்பயிற்சி தொள்ளாயிரம் மணி நேரம்.
சம்பளம் கிடையாது.
அந்த மணிகளுக்கும் கட்டணம் நான்தான் கட்டுகிறேன்.

செவ்வாய் வகுப்பில்
பேராசிரியர் ஹால்வர்சன் பலகையில்
சமூக நீதி என்று எழுதி வட்டமிட்டார்.
வட்டத்தைச் சுற்றி அம்புகள்:
வாடகை, நிறம், சிறை,
ஞாயிறன்று ஓடாத பேருந்து.
டாமியன் கேட்டான்,
"அம்பு வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா?"
அவர் ஓர் அம்பை அழித்தார்.
கொஞ்சம் நின்று
அதையே மறுபடி வரைந்தார்.

புதன்கிழமை, குளிர்கால உதவி மையம்.
மேசைக்கு அந்தப் பக்கம் திருமதி லவோன் டிஸ்டேல்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
உறையைக் கழற்றியதும் மேசையெங்கும் ப்ளீச் வாசனை.

நான்: வீட்டில் எத்தனை பேர்?
அவர்: எந்த மாதத்தில்?

நான்: உங்கள் பலங்கள் என்னென்ன?
(படிவத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது.)
அவர்: பலத்தைச் சொன்னால் கேஸ் வந்துவிடுமா?

நான்: ராத்திரி எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
அவர்: மின் அடுப்பின் கதவைத் திறந்துவைத்து
அதன் முன்னால் படுப்போம்.

நடு மடிப்பில் முதலில் எழுதியது: வெட்கம்.
அடித்துவிட்டு, அசௌகரியம் என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
எழுதாமல் விட்டது இது:
அடுப்புக் கதவை எவ்வளவு திறக்க வேண்டும்,
எந்தப் பக்கம் காலை நீட்ட வேண்டும்
என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பயிற்சி இல்லை.
அதே மையத்துக்கு, வாசல் வழியாகப் போனேன்.
ஊழியர் கதவில்லை. வாசல்.
டோக்கன் நாற்பத்தேழு.
நாற்பத்தாறு திரும்பிப் பார்த்தது.
லவோன் டிஸ்டேல்.
கோட்டுப் பையில் கை,
கைக்குள் என்னுடையதைப் போலவே
ஓரம் சிவந்த கேஸ் நோட்டீஸ்.

"வீட்டில் எத்தனை பேர்?"
கேட்டது அவர்.
நானும் ஒரு பூனையும் என்றேன்.
"பூனையைச் சொல்லாதே.
அதன் வருமானத்துக்கும் சான்று கேட்பார்கள்."
சிரித்தோம்.
பிறகு அவர் சிரிக்கவில்லை.
"அன்றைக்கு மேசையில் எல்லாம் கேட்டாயே,
நீயும் இந்த வரிசைதான் என்று ஏன் சொல்லவில்லை?"
பதில் வருவதற்குள்
நாற்பத்தாறை அழைத்தார்கள்.
நல்லவேளை என்று நினைத்தேன்.
அப்படி நினைத்ததைத்தான்
இன்னும் தாங்க முடியவில்லை.

அதையும் தாளில் எழுதினேன். யாரும் கேட்காமலே.
திங்களன்று கோர்லிஸ் திருப்பித் தந்தாள்.
மேற்பார்வைக்கு முப்பது பேர் கோப்புகள் அவளிடம்.
புதன் பதிவின் ஓரத்தில் நிறைய பச்சை மை:
நல்ல கேள்வி, இங்கே மௌனத்தைக் காத்திருக்கலாம்.
வெள்ளிப் பதிவின் மூன்றாம் மடிப்பில்
ஒரே சொல்: எல்லை.
அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
பேனா மாற்றி, பிற்பாடு போட்டது.

தாளைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில் மடிப்புகள் இருந்தன,
தலைப்புகள் இல்லை.
அங்கே எழுதத் தொடங்கினேன், கல்வித்தலைவருக்கு:
தொள்ளாயிரம் மணிக்கும் ஊதியம் வேண்டும்.
இரண்டாம் வாக்கியம் வரவில்லை.
லவோனின் கேள்வியை அப்படியே வைத்தேன்.

செவ்வாய், தாள் மேசை மேசையாய்ப் போனது.
பதினான்கு பேரில் ஒன்பது கையெழுத்து.
ஒருத்தி படித்து, பேனா மூடியைக் கடித்து,
அடுத்தவரிடம் தள்ளினாள்.
அவள் காரணம் அவளுக்கு இருக்கும்.
வகுப்பில் ரேடியேட்டர் கொதித்தது,
அணைக்கும் திருகு யாருக்கும் எட்டாத இடத்தில்.
ஹால்வர்சன் ஸ்வெட்டரைக் கழற்றினார்.
டாமியன் எழுந்து சன்னலைத் தூக்கித் திறந்தான்.
அத்தனை சூடும்
எங்கள் தலைக்கு மேலாக
பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.